ஒன்றாகப் பயணிக்கும் விண்மீன்களை அடையாளம் காணுதல்: கார்த்திகை முதல் சப்தரிஷி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு விண்மீன்கள் வானத்தில் அருகருகே தெரிவதால் மட்டும் அவற்றுக்குள் உறவு இருப்பதாகக் கொள்ள முடியாது. ரோகிணி இதற்கு நல்ல சான்று. ரிஷப ராசியில் கவிழ்ந்த ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலத் தெரியும் ஹையடீஸ் கொத்தின் நடுவே, அதன் மிக ஒளிமிக்க உறுப்பினர் போலவே ரோகிணி நிற்கிறது. ஆனால் கொத்து சுமார் 153 ஒளியாண்டுத் தொலைவில் இருக்க, ரோகிணி ஏறத்தாழ 65 ஒளியாண்டிலேயே இருக்கிறது. மறுபுறம், அந்தக் கொத்தின் உண்மையான உறுப்பினர்கள் சில, ‘வி’ வடிவத்திலிருந்து பத்துப் பாகைக்கும் அப்பால், யாரும் ஐயுறாத இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இருப்பிடம் மறைத்துவிடும் இந்த உறவை இயக்கம் வெளிப்படுத்துகிறது. ஒரே வாயு மேகத்தில் பிறந்த விண்மீன்கள் அந்த மேகத்தின் திசைவேகத்தைப் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் பெருமளவு தக்கவைத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

அத்தகைய விண்மீன்களைப் பொதுவில் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு, ஒரு சாதாரணக் கணினியில், நாமே கண்டறிய முடியும். அதற்கான படிகளை மூன்று உண்மையான குழுக்களின் வழியாக இங்கே விளக்குகிறேன். கார்த்திகை எளியது, ஹையடீஸ் சற்றுக் கடினமானது, சப்தரிஷி மண்டலத்தின் குழு மிகக் கடினமானது. இந்த வரிசையிலேயே பயில்வது நல்லது.

தேவையான ஆறு அளவுகள்

ஒரு விண்மீனின் இயக்கத்தை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் அது வானில் இருக்கும் திசையைத் தருகின்றன. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரியும் கோணமாகிய இடமாறு தோற்றம் தொலைவைத் தருகிறது. வானத்தின் குறுக்கே ஆண்டுதோறும் அது நகரும் கோண அளவாகிய தனி இயக்கத்துக்கு, கிழக்கு மேற்காக ஒன்றும் வடக்கு தெற்காக ஒன்றுமாக இரண்டு கூறுகள் உண்டு. ஆறாவது, நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ அது செல்லும் ஆரத் திசைவேகம். இது நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் பெயர்ச்சியிலிருந்து கிடைக்கிறது.

ரோகிணி, சிரியஸ், ஆர்க்டரஸ் ஆகியவை பழைய கிரேக்கப் பட்டியல்கள் குறித்த இடங்களிலிருந்து விலகியிருப்பதை எட்மண்ட் ஹாலி 1718ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். தனி இயக்கம் என்ற கருத்து அங்கிருந்தே தொடங்குகிறது. பல நூற்றாண்டு இடைவெளி இருந்தால்தான் அன்று அந்த நகர்வு புலப்பட்டது. இன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம், 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை அளந்த தரவுகளால் நிலைமையை முற்றிலும் மாற்றிவிட்டது. 2022 ஜூன் 13 அன்று வந்த அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் சுமார் 180 கோடி வான்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 146 கோடிக்கு இடமாறு தோற்றமும் தனி இயக்கமும், 3.3 கோடிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆரத் திசைவேகமும் தரப்பட்டுள்ளன. இந்த விகிதத்தை நினைவில் வைப்பது அவசியம். நாம் ஆராயப்போகும் பெரும்பாலான விண்மீன்களுக்கு ஆறாவது எண் இருக்காது. ஐந்தைக் கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் படி: கார்த்திகையின் தரவைப் பெறுதல்

கையா ஆவணக் காப்பகம் இணையத்தில் யாவருக்கும் திறந்திருக்கிறது. அட்டவணைகளைக் கையாள டாப்கேட் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். காப்பகத்துக்கு வினவல் அனுப்புவது, வரைபடம் வரைவது, புதிய நெடுவரிசைகளைக் கணக்கிடுவது ஆகிய மூன்றையும் அதிலேயே செய்யலாம். பைத்தான் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஆஸ்ட்ரோபை நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

கார்த்திகைக் கொத்தின் மையம் வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் வடக்கே 24.1 பாகை. அதைச் சுற்றி 5 பாகை ஆரத்தில் தேட வேண்டும்; கொத்தின் தொலைவில் அது சுமார் 12 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) ஆகும், ஈர்ப்பால் கொத்தோடு பிணைந்திருக்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். இடமாறு தோற்றத்தின் எல்லையை 6.5 முதல் 8.3 மில்லி விகலை (ஒரு மில்லி விகலை என்பது ஒரு பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு) வரை என வினவலிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். இல்லையெனில் பின்னணியில் உள்ள இலட்சக்கணக்கான தொலைதூர விண்மீன்களும் சேர்ந்து இறங்கும். அந்த எல்லை 120 முதல் 154 பார்செக் வரையான தொலைவைக் குறிக்கிறது. தனி இயக்கத்துக்கு இந்தக் கட்டத்தில் எந்த எல்லையும் வைக்கக் கூடாது. நாம் கண்டறிய விரும்புவதே அதுவாதலால், அதை முன்கூட்டியே வெட்டினால் நாம் எதிர்பார்த்தது மட்டுமே கையில் மிஞ்சும்.

பின்னர் தரத்தைச் சோதிக்க வேண்டும். இடமாறு தோற்றம் அதன் பிழையைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும் விண்மீன்களை மட்டும் வைத்துக்கொண்டால், தொலைவு என்பது 1000ஐ மில்லி விகலையால் வகுத்த எண் என்று அச்சமின்றிக் கொள்ளலாம். கையா தரவில் ரூவே என்ற ஒரு குறியீட்டெண் உண்டு. ஒற்றை விண்மீனுக்குரிய இயக்க மாதிரி அளவீடுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அது காட்டுகிறது. 1.4க்கு மேற்பட்டவை பெரும்பாலும் இரட்டை விண்மீன்கள், அல்லது அளவீட்டில் ஏதோ சிக்கல் உள்ளவை. பலர் இவற்றை உடனே நீக்கிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒரு கொத்தின் இரட்டை விண்மீன்களை எல்லாம் துடைத்தெறிந்த பட்டியல் அந்தக் கொத்தின் பட்டியல் ஆகாது. ஆகவே அவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்து, மையப் போக்கு உறுதியான பிறகு தளர்ந்த அளவுகோலுடன் திரும்பப் பார்க்க வேண்டும்.

துல்லியத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஒளியளவு (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது) 15க்குக் குறைவான எண் கொண்ட பொலிவான விண்மீன்களுக்கு இடமாறு தோற்றப் பிழை 0.02 முதல் 0.03 மில்லி விகலை, 17இல் 0.07; 20இல் 0.5. தனி இயக்கத்துக்கும் ஏறக்குறைய இதே எண்கள், ஓர் ஆண்டுக்கு என்ற கணக்கில். கண்ணுக்குத் தெரியும் கார்த்திகையின் முதன்மை விண்மீன்களோ கையாவுக்கு மிகையான பொலிவு கொண்டவை. அவற்றுக்கு 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் விண்கலத்தின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: தனி இயக்க வரைபடம்

கிடைமட்ட அச்சில் வல ஏற்றத் திசையின் தனி இயக்கத்தையும், செங்குத்து அச்சில் நடுவரை விலக்கத் திசையின் தனி இயக்கத்தையும் இட்டு, ஒவ்வொரு விண்மீனையும் ஒரு புள்ளியாக வரைய வேண்டும். கையா தரும் வல ஏற்றத் தனி இயக்கத்தில் நடுவரை விலக்கத்தின் கோசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. அதை மறுபடி பெருக்கிவிடக் கூடாது.

வரைபடத்தில் தொடர்பற்ற விண்மீன்கள் அகன்ற மங்கலான மேகமாகப் பரவியிருக்கும். அந்த மேகத்திலிருந்து விலகி, கிழக்கே ஆண்டுக்கு 20 மில்லி விகலை, தெற்கே 45 மில்லி விகலை என்ற இடத்தைச் சுற்றி ஓர் அடர்ந்த திரள் தெளிவாகத் தெரியும். அதுவே கார்த்திகை. இந்தக் கொத்தின் விண்மீன்கள் ஒரே திசையில் நகர்கின்றன என்பதை யோஹான் மேட்லர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டிருந்தார். அதற்கு முன்பே 1767இல் ஜான் மிச்செல், இத்தனை பொலிவான விண்மீன்கள் இவ்வளவு சிறிய பரப்பில் தற்செயலாகக் கூடுவதற்கான வாய்ப்பு மிகமிக அரிது என்று நிகழ்தகவுக் கணக்கால் வாதிட்டிருந்தார். அவர்கள் கண்டது சில பத்து விண்மீன்களே. உங்கள் திரையில் இப்போது தெரியும் திரளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கும்.

அந்தத் திரளைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அது போதாது. திரளை உற்றுநோக்கினால் அது வட்டமாக இல்லாமல், வரைபடத்தின் தொடக்கப் புள்ளியை நோக்கி நீண்டிருக்கும். அதை விளக்கவே அடுத்த படி.

மூன்றாம் படி: கோணத்திலிருந்து வேகத்துக்கு

குறுக்குத் திசைவேகத்துக்கான வாய்பாடு இது:

குறுக்குத் திசைவேகம் (நொடிக்குக் கி.மீ.) = 4.74 × தனி இயக்கம் ÷ இடமாறு தோற்றம்

இரண்டு அளவுகளும் மில்லி விகலையில் இருக்க வேண்டும். 4.74 என்பது, பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவை ஓர் ஆண்டில் கடக்கும் வேகத்தைக் கிலோமீட்டரில் சொன்னது. கார்த்திகையின் மொத்தத் தனி இயக்கம் சுமார் 49.7, இடமாறு தோற்றம் சுமார் 7.36. எனவே குறுக்குத் திசைவேகம் நொடிக்கு 32 கி.மீ. ஆரத் திசைவேகம் சுமார் 5.7 கி.மீ. மட்டுமே, அதாவது இந்தக் கொத்து பெரும்பாலும் நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காகவே செல்கிறது.

கொத்தின் முன்பக்கத்தில் மையத்தைவிட 5 பார்செக் நெருக்கமாக உள்ள ஒரு விண்மீன் அதே வேகத்தில் சென்றாலும், அருகில் இருப்பதால் அதன் தனி இயக்கம் ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 1.9 மில்லி விகலை, கூடுதலாகத் தெரியும். கொத்துக்குள் விண்மீன்கள் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் உண்மையான வேக வேறுபாடோ நொடிக்கு அரை கிலோமீட்டர் அளவிலானது. கார்த்திகையின் தொலைவில் அது ஆண்டுக்கு ஒரு மில்லி விகலைக்கும் குறைவு. ஆக, திரளின் அகலத்தில் பெரும்பகுதி கொத்தின் ஆழத்தால் வருவது. ஒவ்வொரு விண்மீனின் தனி இயக்கத்தையும் அதனதன் இடமாறு தோற்றத்தால் வகுத்து, வேகமாக மாற்றி மறுபடி வரைந்தால் நீண்ட திரள் சுருங்கி உருண்டையாகும். அப்போதுதான் எல்லைக் கோடு இடலாம். கார்த்திகைக்கு மைய வேகத்திலிருந்து நொடிக்கு 2 கி.மீ. வரையான விலகலை ஏற்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் மங்கலான விண்மீன்களுக்கு அளவீட்டுப் பிழையே இதைத் தாண்டிவிடும் என்பதால், விலகலை அந்தந்த விண்மீனின் பிழையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பதே முறை. கையா பட்டியலில் இடமாறு தோற்றத்துக்கும் தனி இயக்கத்துக்கும் இடையிலான பிழைத் தொடர்பெண்களும் உள்ளன. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் முடிவு இன்னும் உறுதியாகும்.

நான்காம் படி: ஹையடீஸும் குவிபுள்ளியும்

கார்த்திகையில் கைகொடுத்த வழி ஹையடீஸில் தோற்றுப்போகும். இந்தக் கொத்து 47 பார்செக் தொலைவிலேயே இருப்பதால் வானில் இருபது பாகைக்கும் மேல் பரந்திருக்கிறது. தனி இயக்க வரைபடத்தில் இதன் உறுப்பினர்கள் திரளாகச் சேராமல் ஒரு பெரிய கறையாகப் பரவுகிறார்கள். தொலைவைத் திருத்தி வேகமாக மாற்றிய பின்னும் அவர்கள் ஒன்றுசேர்வதில்லை. வெளியில் இணையாகச் செல்லும் விண்மீன்களை நாம் வெவ்வேறு கோணங்களில் பார்ப்பதே இதற்குக் காரணம்.

நேரான இரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றுவதைப் போலவே, இணையாகச் செல்லும் விண்மீன்களின் பாதைகளை வானத்தில் நீட்டினால் அவை ஒரு புள்ளியில் கூடும். அதற்குக் குவிபுள்ளி என்று பெயர். லூயிஸ் பாஸ் 1908இல் ஹையடீஸ் விண்மீன்களின் பாதைகளை இவ்வாறு நீட்டிப் பார்த்தார். அவை திருவாதிரைக்குச் சுமார் எட்டுப் பாகை கிழக்கே கூடுகின்றன. கொத்து விண்வெளியில் செல்லும் திசையே அந்தப் புள்ளி.

இனிக் கணக்கு எளிது. கொத்தின் மொத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 46 கி.மீ. ஒரு விண்மீனுக்கும் குவிபுள்ளிக்கும் இடைப்பட்ட கோணத்தை எடுத்துக்கொண்டால், ஆரத் திசைவேகம் என்பது மொத்த வேகத்தை அக்கோணத்தின் கோசைனால் பெருக்கியது; குறுக்குத் திசைவேகம் அதன் சைனால் பெருக்கியது. கொத்தின் மையத்தில் கோணம் சுமார் 32 பாகை. எனவே ஆரத் திசைவேகம் 39, குறுக்குத் திசைவேகம் 24. குவிபுள்ளியை நோக்கிப் பத்துப் பாகை தள்ளியுள்ள உறுப்பினருக்கு இவை 43, 17 ஆகின்றன; எதிர்ப்பக்கம் பத்துப் பாகை தள்ளியுள்ள உறுப்பினருக்கு 34, 31 ஆகின்றன. மையத்தின் தொலைவிலேயே இருவரும் இருப்பதாகக் கொண்டாலும், ஒருவரின் தனி இயக்கம் ஆண்டுக்கு 77 மில்லி விகலை, மற்றவருடையது 138. எண்களை மட்டும் பார்த்தால் இவர்கள் அந்நியர்கள். விண்வெளியில் இவர்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் செல்பவர்கள்.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது இது. உறுதியான சில உறுப்பினர்களிலிருந்து கொத்தின் முப்பரிமாண வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேட்பாளர் விண்மீனின் வானிடத்துக்கும் அந்த வேகத்தை வீழ்த்தி, உறுப்பினராக இருந்தால் அதன் தனி இயக்கத்தின் திசையும் அளவும் எவ்வாறு இருக்க வேண்டும் என்று கணிக்க வேண்டும். பின்னர் அளந்த மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஆரத் திசைவேகம் இல்லாத விண்மீன்களுக்கும் இது பயன்படும் என்பது இதன் சிறப்பு. கிடைத்த உறுப்பினர்களைக் கொண்டு கொத்தின் வேகத்தை மறுபடி கணக்கிட்டு, பட்டியல் மாறாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ரோகிணியை இதே சோதனைக்கு உட்படுத்தலாம். அதன் இடத்தில் ஓர் உறுப்பினர் பெரும்பாலும் கிழக்கு நோக்கி, சற்றே தெற்கில் சாய்ந்து நகர வேண்டும். ஆரத் திசைவேகம் 40 கி.மீ. அளவில் இருக்க வேண்டும். ரோகிணியோ கிழக்கே 63 மில்லி விகலையும் தெற்கே 189 மில்லி விகலையுமாக ஏறக்குறையத் தெற்கு நோக்கியே செல்கிறது. அதன் ஆரத் திசைவேகம் 54 கி.மீ. தொலைவே தெரியாவிட்டாலும் அது வேற்றாள் என்று சொல்லிவிடலாம்.

ஐந்தாம் படி: சப்தரிஷி

சப்தரிஷி மண்டலத்தின் ஏழில் ஐந்து ஒரே குழுவைச் சேர்ந்தவை என்பதை ரிச்சர்ட் பிராக்டர் 1869இல் கண்டார். புலகர், புலஸ்தியர், அத்ரி, அங்கிரஸ், வசிஷ்டர் ஆகியவை அந்த ஐந்து. எல்லாமே 80 ஒளியாண்டு அளவில் உள்ளன. இவற்றின் வல ஏற்றத் தனி இயக்கங்கள் முறையே கிழக்கே 81, 108, 104, 112, 119 மில்லி விகலை. இரு முனைகளிலும் நிற்கும் கிரதுவும் மரீசியும் மேற்கே 134, 121 என எதிர்த்திசையில் செல்கின்றன. வசிஷ்டருக்கு அருகே தெரியும் அருந்ததி கிழக்கே 120. திருமணத்தில் இணையாகக் காட்டப்படும் அந்த இரண்டும் உண்மையிலேயே உடன் செல்பவை.

ஐந்திலும் வடக்கு தெற்குக் கூறு சீராக மாறுவதைக் கவனிக்க வேண்டும். புலகர் வடக்கே 33 மில்லி விகலை நகர, வசிஷ்டர் தெற்கே 26 நகர்கிறது. குறுக்குத் திசைவேகமும் ஒன்றுக்குச் சுமார் 10, மற்றதற்குச் சுமார் 15 கி.மீ. முந்தைய படியில் சொன்ன வீழ்ப்புக் கணக்கைச் செய்தால் இந்த வேறுபாடுகள் ஒரே வேகத்தின் பல தோற்றங்களே என்பது விளங்கும்.

இந்தக் குழுவின் கருப்பகுதிக்குள் நாம் இல்லை என்றாலும், இதே இயக்கம் கொண்டவையாகக் கருதப்படும் விண்மீன்கள் வானத்தின் எல்லாப் பக்கங்களிலும் கிடைக்கின்றன. இங்கே வானிட வரைபடம் பயன்படாது. ஆறு அளவுகளையும் கொண்டு ஒவ்வொரு விண்மீனின் வேகத்தையும் மூன்று கூறுகளாக மாற்ற வேண்டும்: பால்வழியின் மையத்தை நோக்கியது, பால்வழி சுழலும் திசையிலானது, அதன் வடமுனையை நோக்கியது. ஆஸ்ட்ரோபை இதைச் சில வரிகளில் செய்துவிடும். சப்தரிஷிக் குழுவின் கருப்பகுதிக்கு இம்மூன்றும், சூரியனைச் சார்ந்து, சுமார் 15, 3, −8 கி.மீ.; ஹையடீஸுக்குச் சுமார் −42, −19, −1; கார்த்திகைக்குச் சுமார் −7, −28, −14. ஆரத் திசைவேகம் இல்லாமல் இந்தப் படியைச் செய்ய இயலாது. அதை ஊகித்து நிரப்பிய பட்டியல்களை நான் நம்புவதில்லை.

ஆறாம் படி: கலப்படத்தை அளத்தல்

எவ்வளவு கவனமாக எல்லையிட்டாலும், தற்செயலாக அதே வேகம் கொண்ட அந்நிய விண்மீன்கள் உள்ளே நுழையும். எத்தனை நுழைந்திருக்கும் என்பதைக் கணக்கிடாத பட்டியல் முழுமையற்றது. கார்த்திகையின் விஷயத்தில், கொத்திலிருந்து பத்துப் பாகை தள்ளி, பால்வழித் தளத்திலிருந்து அதே கோண விலக்கத்தில், அதே பரப்புள்ள இன்னொரு வட்டத்தை எடுத்து, அதே இடமாறு தோற்ற எல்லையையும் வேக எல்லையையும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணிக்கையே உங்கள் பட்டியலில் எதிர்பார்க்கத்தக்க அந்நியர்களின் எண்ணிக்கை. கிழக்கே செல்வதைத் தவிர்க்க வேண்டும். ரிஷப ராசியின் விண்மீன் பிறப்பு மேகங்கள் ஏறத்தாழ 140 பார்செக் தொலைவில், கார்த்திகையின் தொலைவிலேயே அங்கு இருக்கின்றன. அவற்றின் இளம் விண்மீன்கள் ஒப்பீட்டைக் குழப்பிவிடும்.

ஏழாம் படி: வயதின் சாட்சி

இயக்கம் தருவது வேட்பாளர் பட்டியலையே. உடன்பிறப்பு என்பதை உறுதிசெய்ய வயது ஒத்துவர வேண்டும். கையாவின் நீல, சிவப்பு ஒளியளவுகளின் வேறுபாட்டைக் கிடைமட்டத்திலும், தொலைவு திருத்திய ஒளியளவைச் செங்குத்திலும் இட்டு நிற-ஒளிர்வு வரைபடம் வரைந்தால், உண்மையான உறுப்பினர்கள் ஒரு மெல்லிய கோட்டில் அமைவார்கள். அதற்கு மேலே 0.75 ஒளியளவு வரை உயர்ந்து இணையாக ஒரு கோடு தெரிந்தால், அவை சம ஒளி கொண்ட இரட்டைகள். அவற்றை நீக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே வெகுதூரம் விலகியவை பெரும்பாலும் அந்நியர்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களாகிய வெண் குறுமீன்களை மட்டும் தனித்தனியே பார்க்க வேண்டும். கார்த்திகையின் வயது 11 முதல் 13 கோடி ஆண்டுகள் என்பதால், அதில் வெப்பம் மிகுந்த, நிறை மிகுந்த வெண் குறுமீனே இருக்க முடியும், எல்.பி. 1497 அத்தகையது. குளிர்ந்த முதிய வெண் குறுமீன் ஒன்று இயக்கத்தால் பொருந்தினாலும் அதை விலக்கிவிட வேண்டும்.

நிறமாலை கிடைத்தால் லித்தியத்தைத் தேடலாம். குளிர்ந்த விண்மீன்கள் வயதாக ஆக அதை எரித்துத் தீர்த்துவிடுகின்றன. கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒளி அளவீடுகளிலிருந்து சுழற்சிக் காலத்தைக் காண்பது இன்னும் எளிது. சூரியன் ஒரு முறை சுழல ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும். கார்த்திகையில் உள்ள சூரியனை ஒத்த விண்மீன்கள் சில நாட்களிலேயே சுழன்றுவிடுகின்றன.

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹையடீஸின் வேகத்தை ஒத்த வேகம் கொண்ட விண்மீன்கள் சூரியனின் சுற்றுப்புறம் எங்கும் உள்ளன. ஓலின் எக்கன் என்ற வானியலாளர் அவற்றை ஒரே பெருங்கொத்திலிருந்து சிதறியவை என்று கருதினார். பின்வந்த ஆய்வுகள் அவற்றில் பலவற்றின் வயதுகள் வெவ்வேறானவை என்று காட்டின. பால்வழியின் மையப் பட்டையும் சுருள் கரங்களும் தம் ஈர்ப்பால் தொடர்பற்ற விண்மீன்களையும் ஒரே வேகத்துக்கு மந்தைபோல் திரட்டக் கூடியவை. அத்தகைய ஓடையில் பொது இயக்கம் உண்மை. பொதுப் பிறப்பு இல்லை.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. ஹையடீஸிலிருந்து பால்வழியின் அலைவிசையால் (இடத்துக்கு இடம் ஈர்ப்பு வேறுபடுவதால் எழும் இழுவிசையால்) கழன்று, கொத்துக்கு முன்னும் பின்னும் வாலாக நீளும் விண்மீன்களை 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கையா தரவில் கண்டன. இவை பிறப்பால் உடன்பிறப்புகள். ஆனால் கொத்திலிருந்து விலக விலக இவற்றின் வேகம் சிறிது சிறிதாக மாறுகிறது. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேறுபாடு பத்து இலட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு பார்செக் இடைவெளியாக வளரும். எனவே வால்களைத் தேடும்போது கொத்தின் மைய வேகத்தைச் சுற்றி ஒரே அளவான எல்லையை வைக்காமல், மையத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் சிறு துண்டுகளாக நகர்ந்து, ஒவ்வொரு துண்டிலும் திரளின் நடுவேகத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, அதைச் சுற்றியே அடுத்த துண்டின் எல்லையை அமைக்க வேண்டும். துண்டிலுள்ள விண்மீன்களின் அடர்த்தி, ஆறாம் படியில் அளந்த அந்நியர்களின் அடர்த்திக்கு இறங்கும் இடத்தில் தேடலை நிறுத்திவிட வேண்டும்.